கையில் இருப்பது லீஸ் இல்லை

கேள்வி: நாங்கள் திருச்சிக்காரர்கள். லண்டன் வந்து ஒன்பது வருடமாகிறது. ஹாரோவில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட் ஒன்றுக்கு விலை பேசி முடித்திருக்கிறோம். லீஸ்ஹோல்ட், அதாவது நிலம் வேறொருவருடையது, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஃபிளாட் நம்முடையது. 83 வருடம் பாக்கி இருக்கிறது, நில உரிமையாளருக்குக் கட்டும் கிரவுண்ட் ரென்ட் வருடத்துக்கு 200 பவுண்டு என்கிறார் ஏஜென்ட். லீஸ் பத்திரம் எங்கேயோ தொலைந்துவிட்டதாம், விற்பவர் கையை விரிக்கிறார். நானே 7 பவுண்டு கட்டி லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் பதிவேட்டு நகலை எடுத்தேன். "தேதி: 14 செப்டம்பர் 1984. காலம்: 24 ஜூன் 1982 முதல் 125 வருடம்" என்று அதில் இருக்கிறது. இது போதுமா? ஊரில் வில்லங்கம் போட்டுப் பார்ப்போமே, அதுபோல இங்கே வேறு என்ன எடுக்க வேண்டும்? சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுத்துவிடலாம் என்றும் ஒரு யோசனை.

பதில்: சொலிசிட்டர், அதாவது வக்கீல், பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடாமல் நீங்களே நகல் எடுத்துப் பார்த்தது நல்ல காரியம். ஆனால் உங்கள் கையில் இருப்பது லீஸ் இல்லை. இப்படி ஒரு லீஸ் இருக்கிறது என்று சொல்லும் பதிவேடு, அவ்வளவுதான்.

ஊர் வழக்கத்தோடு ஒப்பிட்டே சொல்கிறேன். நம் ஊரில் பத்திரம் பதிவானால் பரிவர்த்தனை பதிவானது என்றுதான் பொருள். உரிமைக்கு அரசு உத்தரவாதம் தருவதில்லை. அதனால்தான் வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் என்று முப்பது வருடம் பின்னோக்கித் தோண்டுகிறோம். இங்கிலாந்தில் பதிவேட்டில் பெயர் இருப்பவர்தான் உரிமையாளர், அதற்கு அரசே பொறுப்பு. பழைய கிரயப் பத்திரங்களைத் தேட வேண்டிய வேலை இல்லை. ஆனால் லீஸ்ஹோல்டில் ஒரு சிக்கல். எவ்வளவு வாடகை, எது உங்கள் சுவர், கூரை ஒழுகினால் யார் செலவு என்பதெல்லாம் பதிவேட்டில் முழுதாக ஏறாது. லீஸுக்குள்ளேதான் இருக்கும். இங்கே லீஸ்தான் தாய்ப்பத்திரம்.

முதலில் வருடக் கணக்கு. ஏஜென்டின் 83 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1984-இல் கையெழுத்தான லீஸ், 125 வருடம், ஆக 2109 வரை என்று கூட்டி, 2026-ஐக் கழித்திருக்கிறார். லீஸ் எழுதப்பட்ட தேதி வேறு, காலம் ஓடத் தொடங்கும் தேதி வேறு. ஒரே கட்டடத்தில் எல்லா ஃபிளாட்டுக்கும் காலம் ஒன்றாக முடியட்டும் என்று முந்தைய ஒரு தேதியிலிருந்து கணக்கைத் தொடங்கிவிடுவார்கள். ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25, மார்ச் 25 ஆகிய நான்கும் இங்கே பழங்காலத்து வாடகைத் தவணை நாட்கள். பழைய லீஸ்களில் இவற்றில் ஒன்று அடிக்கடி தட்டுப்படும். உங்கள் லீஸ் 2107 ஜூனில் முடிகிறது. 2027 ஜூன் தாண்டினால் 80 வருடத்துக்குக் கீழே போய்விடும்.

அந்த 80-தான் உங்கள் விஷயத்தில் ஆணிவேர். 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஃபிளாட் வைத்திருப்பவர் பாக்கிக் காலத்தோடு 90 வருடம் கூட்டிக் கேட்கலாம். அதோடு கிரவுண்ட் ரென்டும் 'ஒரு மிளகு' ஆகிவிடும். ஆமாம், மிளகுதான்! பெயரளவு வாடகையைக் குறிக்க ஆங்கிலேயர் எழுதி வைத்த அளவு அது. யாரும் கேட்டு வாங்குவதில்லை. நீட்டிப்புக் கேட்டு நோட்டீஸ் கொடுக்கும் நாளில் 80 வருடத்துக்கு மேல் பாக்கி இருந்தால் நில உரிமையாளர் இழக்கும் வாடகைக்கும், வீடு அவரிடம் திரும்பும் நாள் தள்ளிப்போவதற்கும் விலை கொடுத்தால் போதும். 80-க்கு இறங்கிவிட்டால், நீட்டிப்பால் ஃபிளாட்டின் மதிப்பு உயர்வதில் ஒரு பாதியையும் அவருக்குக் கொடுக்க வேண்டும். மேரேஜ் வேல்யூ என்பார்கள். 2024-இல் வந்த சீர்திருத்தச் சட்டம் இதை ஒழிக்கவும், 90-க்குப் பதில் 990 வருடம் தரவும் வழி செய்திருக்கிறது. ஆனால் இதை எழுதும் நாளில் அந்தப் பகுதிகள் நடைமுறைக்கு வரவில்லை. வரும் என்று நம்பி வீடு வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதே சட்டத்தில் நடைமுறைக்கு வந்துவிட்ட ஒன்று உங்களுக்கு உதவும். நீட்டிப்புக் கேட்க இரண்டு வருடம் சொந்தக்காரராக இருந்திருக்க வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி 31-இல் நீங்கிவிட்டது. ஆனாலும் பதிவேட்டில் பெயர் ஏறியவர்தான் நோட்டீஸ் கொடுக்க முடியும். சாவி கைக்கு வந்தபின் பெயர் ஏற மாதக்கணக்கில் இழுக்கலாம். அதனால் நோட்டீஸை விற்பவரையே கொடுக்கச் சொல்லி, அந்த உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றி வாங்குங்கள். வீடு கைமாறும் அதே வேளையில் அதுவும் மாற வேண்டும். பிந்தினால் நோட்டீஸ் செல்லாது. இதற்கான வாசகத்தை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லி சொலிசிட்டருக்கு இன்றே எழுதுங்கள். நீட்டிப்பில் எதிர்த் தரப்பின் நியாயமான வக்கீல், மதிப்பீட்டுச் செலவும் நம் தலையில்தான் விழும். அதையும் கணக்கில் வைத்து வீட்டு விலையைக் குறைத்துக் கேட்பதில் தப்பே இல்லை.

இனி, லீஸை எங்கே பிடிப்பது? தொலைந்துவிட்டது என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள். உங்கள் நகலில் லீஸ் விவரத்துக்குக் கீழே, அதன் பிரதி கோப்பில் இருப்பதாக ஒரு குறிப்பு இருக்கிறதா பாருங்கள். சில சமயம் வேறொரு டைட்டில் எண்ணின் (சொத்தின் பதிவு எண்) கீழ் இருப்பதாக எழுதியிருக்கும். அந்த எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். ஓசி2 என்ற படிவத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், சொலிசிட்டர் தன் கணக்கிலிருந்தும் எடுத்துத் தருவார். சில பவுண்டு செலவு. அரசு தளத்தைப் போலவே தோற்றம் காட்டிப் பல மடங்கு வசூலிக்கும் தனியார் தளங்கள் தேடலில் முன்னால் வரும், கவனம். ரெஜிஸ்ட்ரியில் பிரதி இல்லையென்றாலும் கதவு மூடிவிடாது. லீஸ் எழுதும்போது இரட்டைப் பிரதி போடுவார்கள். ஃபிளாட் வைத்திருப்பவரின் பிரதி தொலைந்தாலும் நில உரிமையாளர் பிரதி இருக்கலாம். விற்பவருக்குக் கடன் கொடுத்த வங்கியிடமும் கேட்கலாம்.

லீஸ் மட்டும் போதாது. பின்னால் அதைத் திருத்தி எழுதிய பத்திரம் இருந்தால் பதிவேட்டில் அதற்கும் குறிப்பு இருக்கும். அதையும் சேர்த்து எடுங்கள். பிளான் கறுப்பு வெள்ளையில் வந்தால் வண்ணத்தில் கேளுங்கள். "சிவப்புக் கோட்டுக்குள் இருப்பது உங்களுடையது" என்று எழுதிவிட்டுக் கோடே கறுப்பாகத் தெரிந்தால் என்ன செய்வது? அப்படியே, உரிமை எந்த வகை என்றும் பாருங்கள். 'அப்சல்யூட்' என்றிருந்தால் சரி. 'குட் லீஸ்ஹோல்ட்' என்றிருந்தால் லீஸைக் கொடுத்தவரின் நில உரிமையை ரெஜிஸ்ட்ரி சரிபார்க்கவில்லை என்று அர்த்தம். சில வங்கிகள் அதற்குக் கடன் தரத் தயங்கும்.

லீஸ் வந்ததும் வாடகை அட்டவணைக்குப் போங்கள். இன்றைய 200 பவுண்டு நாளைக்கும் 200 தானா என்பதுதான் கேள்வி. 25 வருடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் லீஸ்கள் உண்டு. உங்களுடையது 1982-இல் 100-இல் தொடங்கி 2007-இல் 200 ஆகியிருந்தால், 2032-இல் 400, 2057-இல் 800. இதையே பத்து வருடத்துக்கு ஒருமுறை இரட்டித்தால் 250 பவுண்டு ஐம்பது வருடத்தில் 8,000 ஆகும். 2022 ஜூன் 30 முதல் எழுதப்படும் புது லீஸ்களுக்குப் பெரும்பாலும் மிளகு வாடகைதான், ஆனால் அந்தச் சட்டம் 1984 லீஸைத் தொடாது.

கட்டடப் பராமரிப்புக்குக் கட்டும் சர்வீஸ் சார்ஜில் தொகையைவிட உங்கள் பங்கு என்ன விகிதம், எந்தெந்தச் செலவு அதில் சேரும் என்பது முக்கியம். நடப்புக் கணக்கு லீஸில் இருக்காது. அதற்கு எல்பிஇ1 என்ற கேள்விப் படிவத்தை நிர்வாக ஏஜென்ட் நிரப்பித் தருவார். மூன்று வருடக் கணக்கு, சேமநிதி இருப்பு, வரப்போகும் பெரிய வேலைகள் எல்லாம் அதோடு வரும். ஒரு வீட்டுக்கு 250 பவுண்டுக்கு மேல் விழும் வேலை என்றால் முன்கூட்டி நோட்டீஸ் கொடுத்துக் கருத்துக் கேட்டாக வேண்டும். கூரை மாற்றும் நோட்டீஸ் ஏற்கெனவே வந்திருந்து, பில் மட்டும் நீங்கள் குடிபோன பிறகு வந்தால் கட்டப்போவது நீங்கள்தான். அந்தத் தொகையை விற்பவர் பணத்திலிருந்து பிடித்து வைக்கச் சொல்லலாம். கட்டடம் 11 மீட்டரோ அதற்கு மேலோ, தரைத்தளத்தோடு சேர்த்து ஐந்து தளமோ அதற்கு அதிகமோ என்றால், தீப்பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்யும் செலவில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று காட்டும் சான்றிதழ்களையும் கேளுங்கள்.

கடைசியாக அந்தச் சுவர். மாற்றங்கள் பற்றிய பிரிவைத் தேடுங்கள். 'முழுத்தடை' என்றிருந்தால் நில உரிமையாளர் மறுக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. 'ஒப்புதல் பெற்று' என்றிருந்தால், வீட்டை மேம்படுத்தும் மாற்றத்துக்கு நியாயமில்லாமல் மறுக்க முடியாது. எது எப்படியிருந்தாலும் அனுமதி எழுத்தில் வேண்டும், அதற்குக் கட்டணமும் உண்டு. சுவர் பாரம் தாங்குவது என்றால் அது உங்கள் பங்கிலேயே சேராமல் போகலாம். பிளானில் உள்ள சிவப்புக் கோடு, லீஸில் உள்ள விளக்கம் இரண்டையும் வைத்துத்தான் அதைச் சொல்ல முடியும். வீடு பார்க்கப் போனபோது பாத்ரூம் இடம் மாறியது போலவோ, ஏதாவது சுவர் காணாமல் போனது போலவோ தெரிந்ததா? தெரிந்திருந்தால் பழைய அனுமதிக் கடிதத்தை விற்பவரிடம் இப்போதே கேளுங்கள். இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை மாற்றிக்கொள்ளும் எக்ஸ்சேஞ்ச் வரை நீங்கள் விலகிக்கொள்ளலாம், அதனால் அவரும் தேடிக் கொடுப்பார்.