கடைக்கு மேலே ஒரு வீடு இருக்கிறது
வாசகர் கேள்விகளுக்கு, பிரிட்டனில் பழங்கட்டடப் பராமரிப்பில் வேலை பார்த்த கட்டடக் கலைஞர் பதில் சொல்கிறார்

லண்டன், எடின்பரோ கடைத்தெருக்களில் கீழே முழுக்கக் கண்ணாடியும் மேலே பழைய வீடுமாகப் பல கட்டடங்கள் நிற்கின்றன. கடையாகவே கட்டினார்களா, வீட்டைக் கடையாக்கினார்களா? எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, லண்டன்

எதிர் நடைபாதைக்குப் போய் முதல் மாடியைப் பாருங்கள். ஜார்ஜ் மன்னர்கள் ஆண்ட 1714–1830 காலத்து நகர வீடுகளில் விருந்தினரை வரவேற்கும் அறைகள் அங்கேதான் இருந்தன. அதனால் உயரமான ஜன்னல்களும் அந்த மாடியில்தான். மேலே போகப்போக ஜன்னல் குட்டையாகும். உச்சியில் வேலைக்காரர்கள் படுத்த அறைகள்.

இது மட்டும் போதாது. மேலே குடியிருக்க வசதியோடு கட்டிய கடைகளுக்கும் இதே அளவுகள் உண்டு. அடுத்து, தரையைப் பாருங்கள். வீடென்றால் வாசலுக்கும் நடைபாதைக்கும் நடுவே இரும்புக் கம்பி வேலியோடு ஒரு பள்ளம் இருந்திருக்கும். நிலவறைச் சமையலறைக்கு அதன் வழியாகத்தான் வெளிச்சம். வீட்டைக் கடையாக்கியவர்கள் பள்ளத்தை மூடி, கடையை நடைபாதை வரை இழுத்துவிட்டார்கள். எடின்பரோவின் ஜார்ஜ் தெருவில் நடந்தால் கடை முன்னால் துருத்திக்கொண்டும் மேல்மாடிச் சுவர் பின்னால் தள்ளியும் நிற்பது தெரியும். ஜேம்ஸ் கிரெய்க் 1767-இல் வகுத்த திட்டப்படி எழுந்த தெரு அது. அந்த இடைவெளிதான் மூடிப்போன பள்ளம்.

சிறு சிறு கண்ணாடிகளோடு வளைந்து நிற்கும் கடை ஜன்னல்கள் அலங்காரத்துக்கா?
– வாசகர், பிரிஸ்டல்

அழகுக்கும்தான். ஆனால் அன்று கண்ணாடியை ஊதி, தட்டாகச் சுழற்றி, அதிலிருந்து துண்டு போட்டார்கள். பெரிய துண்டு கிடைப்பது கடினம். போதாததற்கு 1845 வரை கண்ணாடிக்குத் தனி வரி. வளைவுக்கும் ஓர் எல்லை உண்டு: லண்டனின் 1774 கட்டடச் சட்டம் அகலமான தெருவில் 10 அங்குலமும் குறுகிய தெருவில் 5 அங்குலமும்தான் நீட்ட விட்டது. லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஆர்ட்டிலரி லேன் 56-ஆம் எண் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். 1750-களில் பட்டு வணிகர்கள் வைத்த முகப்பு இன்னும் இருக்கிறது.

டப்ளின் பவர்ஸ்கோர்ட் மாளிகையில் வணிக வளாகம் வைத்தது சரியா?
– வாசகர், டப்ளின்

சரி என்பேன். ராபர்ட் மாக் வடிவமைக்க, 1771–74-இல் பவர்ஸ்கோர்ட் பிரபு கட்டிய வீடு. டப்ளின் நாடாளுமன்றம் கூடும்போது தங்குவதற்கு அது வேண்டியிருந்தது. 1801-இல் அந்த நாடாளுமன்றமே இல்லாமல் போனது. பிரபுக்களுக்கு டப்ளினில் வீடு எதற்கு? 1807-இல் அரசு வாங்கி முத்திரைத்தாள் அலுவலகமாக்கியது. பிறகு பல தலைமுறைகள் துணி மொத்த வியாபாரம். 1981-இல் வளாகமாக மாற்றியபோது நடு முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை போட்டு, புதுக் கடைகளில் பெரும்பகுதியை அங்கே அமைத்தார்கள். செதுக்கு வேலைப்பாடு கொண்ட மரப்படிக்கட்டும் சுதைவேலையும் தப்பின. காப்பி குடிக்கப் போகிறவர்கூட அந்தப் படியில் ஏறலாம். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும், ஜார்ஜ் மன்னர்கள் காலத்துக் கட்டடத்தின் தரைத்தளத்தைக் கடைக்கு எடுக்கிறேன். மாடிப்படியை எடுத்துவிட்டால் இடம் கூடும் என்கிறார் உரிமையாளர். செய்யலாமா?
– வாசகர், இங்கிலாந்து

தயவுசெய்து வேண்டாம். பட்டியலில் இருக்கும் கட்டடத்துக்கு உள்ளேயும் வெளியேயும் பாதுகாப்பு உண்டு. அனுமதியில்லாமல் படியை எடுப்பது குற்றம்.

சட்டத்தை விடுங்கள். படி போனால் மேல்மாடிகளுக்கு ஆள் போவது நிற்கும். இந்த வீடுகளில் கூரைத் தண்ணீர் பெரும்பாலும் முகப்பின் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் வாய்க்காலிலோ, கூரையின் நடுப்பள்ளத்திலோ ஓடும். தெருவிலிருந்து அது தெரியாது. இலை அடைத்தால் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். அங்கே செருகியிருக்கும் உத்திரத்தின் நுனி உளுத்துப்போகும். கீழே வியாபாரம் செய்கிறவருக்குத் தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். நான் ஆய்வு செய்த கட்டடங்களில் மோசமாகக் கெட்டிருந்தவை படியை இழந்தவைதான்.

அப்புறம், கடைக்காகக் கீழ்ச்சுவரைத் திறந்த இடத்தில் மேல்சுவர் முழுவதையும் ஒரு விட்டம் தாங்கிக்கொண்டிருக்கும். பழையது மரம், பிற்காலத்தில் இரும்பு. முதல் மாடி ஜன்னலின் அடிவிளிம்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா, மூலையில் சாய்வாக வெடிப்பு ஓடுகிறதா என்று பாருங்கள். இருந்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் பழங்கட்டடம் தெரிந்த பொறியாளரைக் கூட்டிப் போங்கள்.

பாத் நகருக்கு ஒரே நாள் பயணம். எந்தத் தெரு?
– வாசகி, ரெடிங்

மில்சம் தெரு. 1760-களில் வீடுகளாகத் தொடங்கி, சீக்கிரமே கடைத்தெருவாகிவிட்டது. 37 முதல் 42 வரையிலான எண்களில் தாமஸ் பால்ட்வின் 1780-களில் கட்டிய சாமர்செட்ஷயர் பில்டிங்ஸ் இருக்கிறது. அதன் அரைத்தூண்கள், அதாவது சுவரில் பாதி பதிந்த தூண்கள், முதல் மாடியிலிருந்துதான் எழும்புகின்றன. அதனால் எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள்.