டேங்க் மூடியைத் திறந்து பார்த்தீர்களா?

பழைய பைக் – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான். அதை மாற்றினோம், இதை மாற்றினோம், காசு போனது, வண்டி அப்படியேதான் இருக்கிறது. அதனால் பைசா செலவில்லாமல் முதலில் எதைப் பார்ப்பது என்பதையே எல்லாப் பதிலிலும் முன்னால் வைத்திருக்கிறேன்.

கேள்வி: 2007 மாடல் 100 சிசி வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிவிடும். பத்து கிலோமீட்டர் போனதும் பெட்ரோல் தீர்ந்தது போல இழுத்து இழுத்து நின்றுவிடுகிறது. ஓரமாக நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு வந்து உதைத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. பிளக், ஏர் ஃபில்டர், கார்ப்பரேட்டர் கிட் எல்லாம் மாற்றியாகிவிட்டது. இப்போது சிடிஐ (தீப்பொறியைக் கட்டுப்படுத்துகிற எலெக்ட்ரானிக் பெட்டி) மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா? – திண்டுக்கல் வாசகர்

பதில்: பொறுங்கள், பர்ஸை உள்ளே வையுங்கள். உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. "இழுத்து இழுத்து நிற்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். கரண்ட் போய் நிற்கிற வண்டி அப்படி நிற்காது, சுவிட்சை அணைத்த மாதிரி பட்டென்று நிற்கும். இழுத்து இழுத்து நின்றால் பெட்ரோல் வரத்து குறைகிறது என்று பொருள்.

அடுத்த முறை நின்றதும் டீக்கடைக்குப் போகாமல், அதே நிமிடத்தில் டேங்க் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்கிறதா? கேட்டுவிட்டு உடனே உதைத்துப் பாருங்கள். ஓடினால் திருடன் அகப்பட்டான். டேங்கில் பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும், அதற்காக மூடியில் ஒரு பொடித் துவாரம் உண்டு. தூசியோ, வாட்டர் சர்வீஸில் அடித்த சோப்போ, பாலிஷோ அதை அடைத்துவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோலைக் கீழே விடாமல் பிடித்துக்கொள்ளும். கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் இருக்கிற வரைக்கும் வண்டி ஓடும், தீர்ந்ததும் நிற்கும். நீங்கள் டீ குடிக்கிற நேரத்தில் எங்காவது இடுக்கு வழியாகக் காற்று கசிந்து உள்ளே போய், கிண்ணம் மறுபடி நிரம்பிவிடும். ஃபுல் டேங்க் போட்ட நாளில் இன்னும் சீக்கிரமாக நிற்கிறதா என்றும் கவனியுங்கள். உள்ளே காற்றுக்கு இடம் குறைவு என்பதால் வெற்றிடம் சீக்கிரம் உண்டாகும்.

மூடித் துவாரத்தை ஊசியால் குத்தி, பங்சர் கடையில் காற்றடித்து வாங்கினால் போதும். (கார்ப்பரேட்டர் ஜெட்டை மட்டும் ஊசியால் குத்திவிடாதீர்கள். பித்தளை, துவாரம் பெரிதாகிவிட்டால் அப்புறம் மைலேஜ் பற்றி எனக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதவேண்டி வரும்.)

மூடி சரியாக இருந்தால் அடுத்து டேங்க் டேப், அதாவது டேங்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடுகிற குழாய். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பக்கத்தில் பீடி, சிகரெட் எதுவும் இல்லாமல், பைப்பைக் கழற்றி ஒரு பாட்டிலில் பிடியுங்கள். முதலில் கொட்டி, பிறகு நூலாக மெலிந்தால் டேப்பின் உள்வலையில் துரு அடைத்திருக்கிறது. பெட்ரோல் சீராக வருகிறது, ஆனாலும் நிற்கிறது என்றால் அப்போதுதான் கரண்ட் பக்கம் போகவேண்டும். நின்ற உடனே பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, பிளக் துவாரத்தை விட்டுத் தள்ளி ஹெட்டின் உலோகத்தில் வைத்து உதையுங்கள். சூட்டில் தீப்பொறி இல்லாமல், ஆறியதும் வருகிறதென்றால் இக்னிஷன் காயிலோ (பிளக்குக்குக் கரண்ட் கொடுப்பது) பல்சர் காயிலோ (தீப்பொறிக்கு நேரம் காட்டுவது) சூட்டில் படுத்துக்கொள்கிறது. அதே மாடல் வைத்திருக்கிற நண்பரிடம் காயிலை ஒரு நாள் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள். சிடிஐ வரிசையில் கடைசி.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இதே கோளாறுக்கு நான் காயில், சிடிஐ இரண்டும் மாற்றியவன். கடைசியில் வழியில் ஒரு பங்சர் கடைப் பையன் டேங்க் மூடியைத் திறந்து காட்டினான். மாற்றிய சாமான்கள் இன்னும் பரணில் கிடக்கின்றன.

கேள்வி: நாலு ஸ்ட்ரோக் வண்டி. நீலப் புகை வருகிறது, ஆயிரம் கிலோமீட்டருக்குக் கால் லிட்டர் ஆயில் குறைகிறது. போர் போட, அதாவது சிலிண்டரைக் குடைந்து பெரிய பிஸ்டன் போடச் சொல்கிறார்கள். – அறந்தாங்கி வாசகர்

பதில்: புகை எப்போது வருகிறது என்பதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் வந்து நின்றுவிட்டால் வால்வ் சீல், சின்ன வேலை. மேட்டில் ஆக்சிலரேட்டரை முறுக்கும்போதெல்லாம் வந்தால் ரிங் அல்லது போர். சந்தேகமிருந்தால் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். பிளக் துவாரத்தில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுப் பார்க்கும்போது அழுத்தம் நன்றாகக் கூடினால் ரிங் தேய்ந்திருக்கிறது, கூடாவிட்டால் கசிவு வால்வ் பக்கம். அதுவரை வாரம் ஒருமுறை ஆயில் அளவைப் பாருங்கள். இந்த வண்டிகள் கொள்வதே ஏறக்குறைய ஒரு லிட்டர்தான், அதில் கால் லிட்டர் போனால் அடுத்த ஆயில் சேஞ்ச் வரை தாங்காது.

கேள்வி: அண்ணே, 1995 ஆர்எக்ஸ் 100 ஒன்று பளபளவென்று பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள், ஆசையில் வாங்கிவிட்டேன். தெருவே மறைகிற அளவுக்கு வெள்ளைப் புகை. பின்னால் வருபவர்கள் திட்டுகிறார்கள். டூ ஸ்ட்ரோக் என்றால் அப்படித்தான் என்கிறார் விற்றவர். – தர்மபுரி வாசகர்

பதில்: விற்றவர் அப்படித்தான் சொல்வார் தம்பி. டூ ஸ்ட்ரோக் புகைக்கும், உண்மைதான், ஆனால் தெரு மறையக்கூடாது.

முதலில் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த வண்டிக்கு 2டி ஆயிலை (பெட்ரோலோடு சேர்ந்து எரிகிற டூ ஸ்ட்ரோக் ஆயில்) தானாக ஊட்டுகிற ஆயில் பம்ப் உண்டு. பழைய வண்டிகளில் நிறைய பேர் பம்ப்பை நம்பாமல் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றுவார்கள். பம்ப்பும் ஓடி, நீங்களும் கலந்து ஊற்றினால் இரட்டைச் சாப்பாடு, புகையத்தான் செய்யும். ஏதாவது ஒன்றை நிறுத்துங்கள். ஆனால் பம்ப் நிஜமாகவே ஓடுகிறதா என்று மெக்கானிக் பார்த்த பிறகுதான் கலப்பதை நிறுத்தவேண்டும். இல்லையென்றால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

அது இல்லையென்றால் கியர் ஆயிலைப் பாருங்கள். இன்று அளவாக ஊற்றி, இருநூறு கிலோமீட்டர் ஓட்டி மறுபடி பாருங்கள். கீழே ஒரு சொட்டு ஒழுகாமல் ஆயில் மட்டும் குறைந்திருந்தால், கிராங்க்கின் (பிஸ்டன் சுழற்றுகிற தண்டு) கிளட்ச் பக்க ஆயில் சீல் போய்விட்டது. டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கிற கிராங்க் அறையும் மூச்சு இழுக்கும் அல்லவா, அது கியர் பாக்ஸ் ஆயிலையும் சேர்த்து உறிஞ்சி எரிக்கிறது. அந்தப் புகையின் நாற்றமே வேறு.

மறுபக்கத்து சீல், அதாவது மேக்னட் பக்கம் போனால் புகை வராது, ஆனால் அதுதான் ஆபத்து. வெளிக்காற்றை உள்ளே இழுத்து, ஐடிலிங் தானாக ஏறும், இறங்கும், ஆக்சிலரேட்டரை விட்டாலும் சத்தம் உடனே இறங்காது. காற்று கூடி பெட்ரோலும் ஆயிலும் குறைந்த கலவையில் ஓடி ஒரு நாள் பிஸ்டன் பிடித்து சீஸ் ஆகும். ஆகவே சீல் வேலைக்கு இன்ஜினை இறக்கினால் இரண்டு பக்கமும் மாற்றிவிடுங்கள், கனெக்டிங் ராட் ஆட்டத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள். சீல் விலை கொஞ்சம்தான், கூலிதான் அதிகம்.

இன்னொன்று. 1996-க்குப் பிறகு இந்த மாடல் வரவில்லை. எது கிடைத்தாலும் முப்பது வயதை ஒட்டியதுதான். எத்தனை முறை போர் போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். சிலிண்டரின் உள்விட்டம் 50 மில்லிமீட்டர், ஓவர்சைஸ் பிஸ்டன் கால் கால் மில்லிமீட்டராக ஏறி ஒரு மில்லிமீட்டரில் முடிந்துவிடும். கடைசி சைஸுக்கு வந்துவிட்ட வண்டி என்றால் புது சிலிண்டர் தேடி சென்னையில் புதுப்பேட்டையையும் ஜி.பி. ரோட்டையும் சுற்றவேண்டியதுதான், அங்கேயும் ஒரிஜினல் என்று சொல்லப்படுவதெல்லாம் ஒரிஜினல் இல்லை. சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தீர்களா? பெயின்ட்டைப் பார்த்து வாங்கியவர் என்பதால் கேட்கிறேன்.

கேள்வி: காருக்கு வாங்கிய விலையுயர்ந்த ஆயில் மிச்சம் இருந்தது, பைக்கில் ஊற்றினேன். இப்போது இன்ஜின் இரைகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. – வேலூர் வாசகர்

பதில்: கிளட்ச் வழுக்குகிறது. பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தகடுகள் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கும். பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கிற மருந்து சேர்த்திருப்பார்கள். டப்பாவில் ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற பைக் ஆயில் தரக்குறி போட்ட ஆயிலுக்கு மாற்றி, கிளட்ச் கேபிளில் கொஞ்சம் லூஸ் இருக்கிறதா என்று பார்த்து ஓட்டுங்கள். பல நேரம் அதிலேயே சரியாகும். ஆகாவிட்டால் தகடு.

கேள்வி: அப்பாவின் 1989 புல்லட் 350. அவர் தவறி ஆறு வருடம் ஆகிறது, அன்றிலிருந்து திண்ணையில் நிற்கிறது. விற்க மனசில்லை. நானே ஓட்டலாம் என்று இருக்கிறேன். பேட்டரி மாற்றி, பெட்ரோல் ஊற்றி உதைத்தால் போதுமா? – மன்னார்குடி வாசகர்

பதில்: உதைக்காதீர்கள். நிற்கிற வண்டி கெடாது என்று நினைக்கிறோம், ஓடுகிற வண்டியை விட நிற்கிற வண்டிதான் அதிகம் கெடும்.

இந்தப் பழைய இரும்பு சிலிண்டர் புல்லட்டில் ஆயில் பம்ப் வழியாக ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் அறையில் இறங்கியிருக்கும். அப்படியே உதைத்தால் கிக்கர் கல் மாதிரி இருக்கும், ஸ்டார்ட் ஆனாலும் ஊரெல்லாம் புகை. அதனால் இன்ஜினுக்கு அடியில் ஆயில் வடிக்கிற பிளக்குகளைத் திறந்து பழைய ஆயில் முழுவதையும் வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் இரண்டு ஸ்பூன் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுநாள் பிளக் இல்லாமலே கிக்கரைக் கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். இறங்கினால் நல்ல சகுனம். இறங்கவில்லையென்றால் மேலே ஏறி நின்று மிதிக்கவேண்டாம், இன்னும் இரண்டு நாள் ஊறட்டும்.

டேங்க்கில் இருக்கிற பழைய பெட்ரோல் வார்னிஷ் நாற்றம் அடிக்கும், கொட்டிவிடுங்கள். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து, துரு இருந்தால் காடியோ துரு நீக்கியோ ஊற்றி, பழைய செயின் துண்டைப் போட்டுக் குலுக்கி, அப்புறம் சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, சுத்தமாகக் காயவைக்கவேண்டும். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும். ஆகவே பெட்ரோல் பைப், கார்ப்பரேட்டர் வாஷர்களைப் புதிதாகப் போட்டுவிடுங்கள், டேங்க்கில் மாதக்கணக்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள்.

அடுத்து பிளாட்டினம் பாயிண்ட், அதாவது தீப்பொறிக்காகத் திறந்து மூடுகிற சின்ன கரண்ட் தொடுமுனை. ஆறு வருடத்தில் பூத்துப்போயிருக்கும். நைஸ் எமரி பேப்பரால் துடைத்து, இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) வைத்துச் சரிபாருங்கள். டயரில் பூ எவ்வளவு இருந்தாலும் நம்பாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. உங்கள் வண்டியில் மூன்று இலக்கமே இருந்தால் 2000-க்கு முந்தையது, அதை வேலி ஓரத்துக்கு அனுப்புங்கள்.

காகித வேலையை இதற்கு இணையாக இன்றே தொடங்குங்கள். வாரிசு சான்றிதழ் வாங்கி, படிவம் 31-இல் ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்றவேண்டும். பதிவு முதல் 15 வருடத்துக்கு, பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கவேண்டும், அதற்குப் படிவம் 25. நடுவில் விட்டுப்போயிருந்தால் தாமதக் கட்டணம் சேரும், பசுமை வரியும் உண்டு. இன்ஷூரன்ஸ் இல்லாமல் தெருவில் இறக்காதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் உதைக்கிற முறை: கிக்கரை மெல்ல அழுத்தி, ஆம்மீட்டர் (கரண்ட் காட்டுகிற மீட்டர்) முள் நடுவுக்கு வந்து கால் கெட்டியாக உணருகிற இடத்தில் நிறுத்துங்கள். சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கிற டீகம்ப்ரஸர் லிவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இறக்கி, லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம் ஒரே முழு உதை. பாதி உதை உதைத்தால் திருப்பி அடிக்கும், அப்பா பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஓட்டும்போது ஒரு விஷயம்: அந்த வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இப்போதைய வண்டி பழகிய வலது கால் அவசரத்தில் தானாக அழுத்தும், பிரேக் பிடிக்காது, கியர்தான் விழும். முதல் ஒரு வாரம் ஊர்த் திடலைத் தாண்டாதீர்கள்.