மூடாத இமை, வலிக்காத கண்: தொழுநோயும் பார்வையும் குறித்த வாசகர் கேள்விகள்

எங்கள் அப்பா பன்னிரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டு, தொழுநோய் குணமாகிவிட்டது என்று சொல்லப்பட்டு எட்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போதும் வள்ளத்தில் கடலுக்குப் போகிறார். சில மாதங்களாகத் தூங்கும்போது இடது கண் பாதி திறந்தே இருக்கிறது. கண் சிவந்தும் இருக்கிறது. வலி இல்லை, விட்டுவிடு என்கிறார். குணமான நோய் திரும்ப வந்திருக்கிறதா? (மண்டபம்)

நோய் திரும்பியிருக்க வாய்ப்பு குறைவு. கூட்டு மருந்து கிருமியைக் கொன்றுவிடுகிறது. ஆனால் கிருமி உடலில் இருந்த காலத்தில் நரம்புகளுக்கு நேர்ந்த சேதத்தை அது சரிசெய்வதில்லை. கண்ணைப் பொறுத்தவரை இரண்டு நரம்புகள் முக்கியமானவை. முக நரம்பின் கிளைகள் இமையை மூடும் தசையை இயக்குகின்றன. அவை பழுதானால் இமை முழுதாக மூடாது. மருத்துவ நூல்கள் இந்நிலைக்கு முயலின் பெயரை வைத்திருக்கின்றன. முயல் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் என்று பழங்காலக் கிரேக்கர்கள் நம்பினார்கள். இன்னொரு நரம்பு கருவிழிக்கு உணர்ச்சி தருவது. அது பழுதானால் கருவிழியில் மணல் உரசினாலும் தெரியாது.

இவ்விரண்டும் ஒரே கண்ணில் சேரும்போதுதான் ஆபத்து. நம் கண்ணில் தூசு விழுந்தால் உறுத்துகிறது, உடனே இமைக்கிறோம், கண்ணீர் அதைக் கழுவிவிடுகிறது. உங்கள் அப்பாவுக்கு உறுத்தவும் இல்லை, இமைக்கவும் முடியவில்லை என்றால், கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பறக்கும் மணலும் உப்புக் காற்றும் திறந்த கருவிழியை நாள் முழுதும் உலர்த்தி, கீறிப் புண்ணாக்கும். அந்தப் புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கும். நம் ஊரில் "கண்ணில் பூ விழுந்துவிட்டது" என்பார்களே, அதுதான். ஆகவே வலி இல்லை என்று அவர் சொல்வதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வலியில்லாத சிவப்பு, இத்தகைய கண்ணில் வலியுள்ள சிவப்பைவிட மோசமான அறிகுறி. நாளையே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கருவிழியில் வெண்புள்ளி தெரிந்தாலோ பார்வை மங்கினாலோ இன்றே செல்லுங்கள்.

மருத்துவர் முதலில், தூங்குவதைப் போல மெதுவாகக் கண்ணை மூடச் சொல்லி, இமைகளுக்கு இடையே எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது என்று அளப்பார். பிறகு இறுக்கி மூடச் சொல்வார். இடைவெளி சிறிதாக இருந்து கருவிழி மறைந்தால், இறுக்கி மூடித் திறக்கும் பயிற்சி, பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பு ஆகியவை போதும். தானாக இமைப்பது நின்றுவிட்டதால் நினைத்து இமைக்கப் பழக வேண்டும்: வலையை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஒரு முறை இமைப்பது என்று வைத்துக்கொண்டால் மறக்காது. கடலில் பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடியும் அகல விளிம்புத் தொப்பியும் தேவை. இரவில் கண்ணைத் துணியால் கட்டுபவர்கள் உண்டு. துணி கருவிழியிலேயே உரசினால் அதுவே புண்ணாக்கும் என்பதால், முதலில் களிம்பிட்டு இமையைக் கையால் மூடிவிட்டுத்தான் கட்ட வேண்டும்.

இடைவெளி பெரிதாக இருந்தால் அறுவை சிகிச்சை உண்டு. இமைகளின் ஓரத்தைச் சேர்த்துத் தைப்பது எளிய முறை. மற்றொன்றில், நெற்றிப் பொட்டில் உள்ள மெல்லும் தசையின் ஒரு பட்டையை இமைகளுக்குக் கொண்டுவந்து பொருத்துவார்கள். பிறகு பல்லைக் கடித்தால் கண் மூடும். முதலில் வேடிக்கையாகத் தோன்றினாலும், பயிற்சி எடுத்தவர்கள் அதை இயல்பாகவே செய்யப் பழகிவிடுகிறார்கள்.

எனக்கு வயது 26. கன்னத்தில் தேமல் இருந்ததால் அரசு சுகாதார நிலையத்தில் மருந்து தொடங்கினார்கள். மூன்றாம் மாதத்தில் அந்தத் தேமல் சிவந்து தடித்துவிட்டது; இரண்டு வாரமாகக் கண்ணை மூட முடியவில்லை. மருந்துதான் ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிடு என்கிறார்கள். (தொண்டி)

நிறுத்தாதீர்கள். இது மருந்து ஒவ்வாமை அன்று என்றே தோன்றுகிறது. கிருமியை உடலின் எதிர்ப்பு சக்தி திடீரென்று தாக்கும்போது ஏற்படும் எதிர்வினை. மருந்து தொடங்கிய முதல் சில மாதங்களில் இது அதிகம் வரும். கண்ணைச் சுற்றியோ கன்னத்திலோ உள்ள தேமல் இப்படித் தடித்தால், அடியில் ஓடும் முக நரம்பும் வீங்கியிருக்கலாம் என்று பொருள். நரம்பு செயலிழந்து ஆறு மாதத்துக்குள் என்றால் வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன் மாத்திரையால் மீளும் வாய்ப்பு நன்றாக உள்ளது. அதற்குப் பின் அந்த வாய்ப்பு வேகமாகக் குறைகிறது. உங்களுக்கு ஆகியிருப்பது இரண்டு வாரம்தான். இந்த வாரமே செல்லுங்கள். அந்த மாத்திரை பல வாரங்களுக்குப் படிப்படியாகக் குறைத்துத் தரப்படுவது. சர்க்கரை, இரத்த அழுத்தம், வயிறு ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டே தர வேண்டியது. மருந்துக் கடையில் நீங்களாக வாங்கித் தொடங்கவும் கூடாது, நன்றாகிவிட்டது என்று நடுவில் விடவும் கூடாது. தொழுநோய் மருந்து அதனுடன் சேர்ந்தே தொடரும்.

மருந்து சாப்பிட்டுவரும் என் கணவருக்குக் கண் சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் வலித்தது. மெட்ராஸ் ஐ என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். குறைந்து மறுபடியும் வந்துவிட்டது. (இராமேசுவரம்)

மெட்ராஸ் ஐ என்றால் பீளை கட்டும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், பெரும்பாலும் வீட்டில் அடுத்தவருக்கும் வரும். பீளையில்லாமல், கருவிழியைச் சுற்றிச் சிவந்து, ஆழமாக வலித்து, வெளிச்சம் கூசினால் அது கண்ணின் உள்ளே, கண்பாவையைச் சுற்றியுள்ள நிறத் திரையான கருந்திரையில் ஏற்பட்ட அழற்சியாக இருக்கலாம். தொழுநோய்க் கிருமி குளிர்ந்த இடத்தை விரும்புவது. கண்ணின் முன்பகுதி உடலின் உட்பகுதியைவிடக் குளிர்ந்தது என்பதால் அதையே அதிகம் தாக்குகிறது, விழித்திரையை அரிதாகவே தொடுகிறது.

இதற்கு அட்ரோபின் சொட்டு விட்டுக் கண்பாவையை விரிப்பார்கள்; விரிக்காவிட்டால் கருந்திரை பின்னாலுள்ள லென்சில் ஒட்டிக்கொள்ளும். அந்தச் சொட்டு விடும் நாட்களில் கிட்டப் பார்வை மங்கும், வெயில் கூசும்; பயந்து நிறுத்த வேண்டாம். கூடவே ஸ்டீராய்டு சொட்டும் தரப்படும். அதையே சோதிக்காமல் வாங்கி, கருவிழியில் புண் இருக்கும் கண்ணில் விட்டால் புண் ஆழமாகும். இந்தக் காரணத்துக்காகத்தான் பழைய சீட்டைக் காட்டி மருந்து வாங்குவதை நான் கண்டிப்புடன் எதிர்க்கிறேன்.

2005 இறுதியில் நாடு தழுவிய அளவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாகத் தொழுநோய் இறங்கிவிட்டது என்று அறிவிக்கப்பட்ட பிறகு, இதை நினைத்துப் பார்க்கும் பழக்கமே மருத்துவர்களிடம் குறைந்துவிட்டது. எனவே, "எனக்குத் தொழுநோய் இருக்கிறது" என்று நோயாளியே முதலில் சொல்லிவிடுவது நல்லது. வலியும் சிவப்பும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் மெல்ல நடக்கும் அழற்சியும் உண்டு. அதில் கண்பாவை குண்டூசித் தலையளவுக்குச் சுருங்கிவிடும். அதைக் கண் மருத்துவர், கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்குக் கருவியான ஸ்லிட் லேம்ப் வழியே பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும்.

என் மாமியார் கருப்பட்டி காய்ச்சி வாழ்ந்தவர். முன்பு தொழுநோய் இருந்தது. இப்போது இரு கண்ணிலும் புரை. ஒரு முகாமில் "உங்களுக்குச் செய்ய முடியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். (சாயல்குடி)

செய்ய முடியும். மருந்து முடித்தவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது. உள்விழி லென்சும் வைக்கலாம். தொழுநோயாளரை ஒதுக்கிவைக்க 1898இல் வந்த சட்டத்தை 2016இல் நீக்கியாயிற்று, முகாம் வாசலில் இன்னும் அதே பதில் கிடைக்கிறது என்பது வெட்கக்கேடு. ஆனால் சில முன்னேற்பாடுகள் உண்மையிலேயே தேவை: உள் அழற்சி சில மாதங்களாவது அடங்கியிருக்க வேண்டும், மூடாத இமையை முதலில் சரிசெய்ய வேண்டும், மூக்கோரத்தை அழுத்தினால் சீழ் வருமானால் கண்ணீர்ப்பைத் தொற்றுக்குச் சிகிச்சை அளிக்க வேண்டும். இவற்றைக் காரணமாகச் சொல்லித் தள்ளிவைத்திருந்தால் அது நியாயம். இல்லையென்றால் முகாமுக்குக் காத்திராமல் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவுக்கு நேராகச் செல்லுங்கள்.

புருவம் உதிர்ந்துவிட்டது, திரும்ப வளருமா? (பாம்பன்)

பெரும்பாலும் வளராது. தலைமுடியோடு கூடிய தோலை எடுத்து ஒட்டும் சிகிச்சை உண்டு. அதைவிட இமைமுடியைக் கவனியுங்கள்: உள்நோக்கி வளைந்து கருவிழியில் உரசும் முடி இருந்தால் அதை மருத்துவர் அகற்ற வேண்டும்.

கண்ணுக்கு நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் விடலாமா? (கீழக்கரை)

வேண்டாம். உணர்ச்சியற்ற கருவிழி எரிச்சலைச் சொல்லாது. கிருமி கலந்த சாறு உள்ளே போனதும் தெரியாது.

நான் கடலில் பாசி எடுக்கிறவள். விரல்களில் உணர்ச்சி இல்லை. கண்ணில் மண் விழுந்தால் என்ன செய்வது? வீட்டிலேயே கண்ணைச் சோதிக்க வழி உண்டா? (மண்டபம்)

தேய்க்காதீர்கள். உணர்ச்சியற்ற, காய்த்துப்போன விரல் எவ்வளவு அழுத்துகிறது என்று உங்களுக்கே தெரியாது. கடல் நீரால் அல்லாமல், குடத்தில் கொண்டுபோகும் குடிநீரால் கண்ணைத் திறந்து வைத்துக் கழுவி, உடன் வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தினமும் காலையில் கண்ணாடியில் இரண்டு கண்களையும் பாருங்கள்: சிவப்பு, வெண்புள்ளி, கண்பாவைகளின் அளவில் வேறுபாடு. மாதம் ஒரு முறை முற்றத்தில் ஆறு மீட்டர், அதாவது ஏறத்தாழ இருபது அடி தள்ளி ஒருவரை நிற்கவைத்து, ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு மறு கண்ணால் அவர் காட்டும் விரல்களை எண்ணுங்கள். பிறகு கண்ணை மாற்றி எண்ணுங்கள். தொழுநோயில் கடுமையான பார்வைக் குறைவை உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கும் அளவும் இந்த ஆறு மீட்டர்தான். போன மாதம் எண்ண முடிந்த கண்ணால் இந்த மாதம் முடியவில்லை என்றால், மறுநாள் பாசிக்குப் போவதை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.