ஒன்பது செய்தியாளர்கள் எதற்கு, தம்பி?

கேள்வி: எங்கள் பகுதியில் பத்துப் பன்னிரண்டு சபைகள் சேர்ந்து வரும் ஜனவரியில் மூன்று நாள் தலைமைத்துவ, ஊழிய மாநாடு நடத்துகிறோம். இருநூறு பேர் வருவார்கள். பெரும்பாலும் கிராமப் போதகர்கள், வாலிபர் தலைவர்கள், ஓய்வுநாள் பள்ளி அக்காமார். சிறப்புச் செய்தியாளர்களை, அதாவது தேவசெய்தி கொடுக்கும் பிரசங்கிகளை, ஏற்பாடு செய்யும் பொறுப்பு என்னிடம். கமிட்டி ஒன்பது பேர் பட்டியல் கொடுத்திருக்கிறது. அதில் ஒருவர் அமெரிக்காவிலிருந்து டூரிஸ்ட் விசாவில் வருகிறார், "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்கிறார்கள். யூடியூபில் பிரபலமான இன்னொருவரின் உதவியாளர், விமான டிக்கெட், ஹோட்டல், அதோடு இவ்வளவுக்குக் குறையாத காணிக்கை என்று போனிலேயே சொல்லிவிட்டார். பெரிய பெயர் இல்லாவிட்டால் கூட்டம் வராது என்பது மூத்தவர்களின் வாதம். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் எதிர்த்துப் பேசவும் தெரியவில்லை.
— பெயர் வேண்டாம், தென்காசி மாவட்டம்

பதில்:

அன்புத் தம்பிக்கு ஸ்தோத்திரம்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். டூரிஸ்ட் விசாவில் வருகிறவர் உங்கள் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்கலாம், பாடலாம், ஜெபிக்கலாம். மேடையேறிப் பிரசங்கம் பண்ண அனுமதி கிடையாது. மிஷனரி வேலைக்கென்று தனி விசா இருக்கிறது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கி, இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் வந்தால்கூட, மிஷனரிப் பணிக்கு முன்கூட்டியே சிறப்பு அனுமதி வாங்க வேண்டும் என்று 2021 மார்ச்சில் வந்த அரசு அறிவிக்கை சொல்கிறது. வெளிநாட்டவரை யார் வீட்டில் தங்கவைத்தாலும் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பதிவு செய்தாக வேண்டும். "ஒன்றும் ஆகாது" என்று சொல்கிறவர்கள் யாரும் போலீஸ் ஸ்டேஷனில் போய் நிற்கப் போவதில்லை. நிற்கப் போவது நீங்களும், உங்களுக்கு இடம் கொடுத்த சபையின் போதகரும், அந்தச் சகோதரரும்தான். ஏமாற்றி ஏறின மேடையில் நின்றுகொண்டு ஊழியர்களுக்கு உண்மையைப் பற்றி எப்படிப் போதிப்பது? முறையான அனுமதியோடு வர முடிந்தால் வரட்டும், முடியாவிட்டால் பட்டியலில் அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள்.

சரி, இப்போது உங்கள் மனசு ஒப்பாத விஷயத்துக்கு வருவோம்.

பல வருடங்களுக்கு முன்னால் இதே மாதிரி ஒரு ஊழியர் மாநாட்டில் நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஐம்பது வயதிருக்கும் ஒரு போதகர். மஞ்சள் பையில் வேதாகமம், நாற்பது பக்க நோட்டு, ஒரு வேட்டி. விடியற்காலையில் கிளம்பி இரண்டு பஸ் மாறி வந்திருந்தார், அவர் சபையில் மொத்தம் இருபத்திரண்டு குடும்பம். அன்று காலையில் ஒரு பெரிய செய்தியாளர் 'தரிசனமுள்ள தலைவனின் ஏழு அடையாளங்கள்' என்று பேசினார், நன்றாகத்தான் பேசினார். ஏழையும் இவர் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார். அப்புறம் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி எனக்குக் காட்டினார். வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு வந்த ஒரே ஒரு கேள்வி: "எங்கள் மூப்பர் குடித்துவிட்டு சபைக்கு வருகிறார். ஆலயம் இருக்கிற இடம் அவர் கொடுத்தது, பத்திரம் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அவரை நான் எப்படிக் கண்டிப்பது?"

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதை அந்தச் செய்தியாளரிடம் கேட்கலாம் என்று காத்திருந்தார். அவருக்குத் தனி அறையில் சாப்பாடு, வாசலில் இரண்டு தம்பிமார் காவல். சாப்பிட்டு வெளியே வந்தவரை அப்படியே காருக்கு அழைத்துக்கொண்டு போனார்கள், அடுத்த ஊரில் அவருக்குச் சாயங்காலக் கூட்டம். இவர் படிக்கட்டுப் பக்கத்தில் நோட்டைப் பிரித்துப் பிடித்தபடி நின்றிருந்தார். கார் போன பிறகு நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, கை கழுவப் போனார்.

தம்பி, அந்தக் கேள்வியை விடப் பெரிய தலைமைத்துவக் கேள்வி அந்த மூன்று நாளில் எழவில்லை. அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஆள் மேடையில் இருந்தார், கேட்க வேண்டியவர் கீழே இருந்தார், அரை மணி நேரம் சேர்ந்து உட்கார மட்டும் யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

உங்கள் பக்கத்து மாவட்டத்துக்காரர் ஒருவரின் கதையைச் சொல்கிறேன், கமிட்டியிலும் சொல்லுங்கள். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1910 ஜூனில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியபோது அவருக்கு 35 வயது. வந்திருந்த சுமார் 1,200 பிரதிநிதிகளில் ஆசியத் திருச்சபைகளைச் சேர்ந்தவர்கள் இருபது பேருக்கும் குறைவு. அசரியா அங்கே விருந்தாளிச் செய்தியாளர், அழைத்தவர்களுக்கு நன்றி சொல்லி நாலு சாட்சி சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். அவரோ வெளிநாட்டு மிஷனரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் நடுவே இருந்த உயர்வு தாழ்வைப் பற்றி முகத்துக்கு நேரே பேசினார். 1 கொரிந்தியர் 13-ஐ மனதில் வைத்து, ஏழைகளுக்கு அன்னதானமாக உங்கள் ஆஸ்திகளைக் கொடுத்தீர்கள், சுட்டெரிக்கப்படுவதற்குச் சரீரத்தையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். அரங்கில் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அந்த மாநாட்டில் பேசப்பட்டவற்றில் இன்றைக்கும் அதிகமாக நினைவில் நிற்பது அந்தப் பேச்சுதான். இரண்டே வருடத்தில், 1912-ல், அவர் இன்றைய தெலங்கானாவிலுள்ள தோர்ணக்கலின் பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர்.

நம்முடைய மாநாடுகளில் இப்போது வெள்ளைக்காரர் இடத்தில் நாமே உட்கார்ந்திருக்கிறோம் என்பதுதான் என் வருத்தம். நகரத்துச் செய்தியாளர் மேலே, கிராமத்துப் போதகர் கீழே. அதனால் ஒருவரை அழைக்கும் முன்னால் எப்படிப் பேசுவார் என்று மட்டும் பார்க்காதீர்கள், மூன்று நாளும் உங்களோடு தங்குவாரா என்று கேளுங்கள். பர்னபா தர்சுவுக்குப் போய்ச் சவுலைத் தேடிப்பிடித்து அந்தியோகியாவுக்கு அழைத்து வந்தானே, அந்தச் சிறப்புச் செய்தியாளர் ஒரு வருஷம் முழுக்க அந்தச் சபையோடு கூடியிருந்து உபதேசம் பண்ணினார். உங்களுக்கு மூன்று நாள் போதும்.

ஒன்பது பேர் வேண்டாம், மூன்று பேர் போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்பது பேருக்கும் அறிமுகம், பொன்னாடை, நினைவுப் பரிசு, "இந்த மேடையில் நிற்கக் கிருபை செய்த" என்று தொடங்கும் வாழ்த்து, எல்லாம் சேர்த்தால் ஆளுக்கு இருபது நிமிடம், மொத்தம் மூன்று மணி நேரம் போய்விடும். மொழிபெயர்ப்போடு பேசும் ஒரு மணி நேரச் செய்தியில் சரக்கு அரை மணிதான். எடின்பரோவில் விவாத நேரத்தில் ஒருவருக்கு ஏழு நிமிடம்தான் கொடுத்தார்கள். சீனாவிலிருந்து வந்த செங் ஜிங்யி என்ற 28 வயது இளைஞர் அந்த ஏழு நிமிடத்தில், சீனத் திருச்சபை பிரிவுகள் இல்லாமல் ஒன்றாக வேண்டும் என்று பேசியதை இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். நேரத்தைப் பற்றிச் செய்தியாளரிடம் பேசக் கூச்சப்படாதீர்கள்.

இன்னொன்று. 1974-ல் சுவிட்சர்லாந்தின் லோசானில் நடந்த உலகச் சுவிசேஷ மாநாட்டில், முக்கியச் செய்தியாளர்களின் கட்டுரைகளை முன்கூட்டியே பிரதிநிதிகளுக்கு அனுப்பி, அவர்கள் எழுதிய பதில்களை வாங்கி, செய்தியாளர்கள் மேடையில் அந்தப் பதில்களுக்கு முகம் கொடுத்துப் பேசினார்கள். உங்களால் அதைச் சின்னதாகச் செய்ய முடியும். நவம்பரிலேயே வரப்போகிற இருநூறு பேரிடமும் வாட்ஸ்அப்பில், அது இல்லாதவர்களிடம் போனில், "உங்கள் சபையில் உங்களை ராத்திரி தூங்கவிடாத பிரச்சினை எது?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். வருகிற பதில்களைப் பெயர் நீக்கிச் செய்தியாளர்களுக்கு அனுப்புங்கள். பத்திரம் மூப்பர் பெயரில் இருக்கிறது, மகன் வேறு சபைக்குப் போகிறான், மனைவிக்கு ஊழியமே வெறுத்துவிட்டது, சீட்டுக் கடன் என்று இப்படித்தான் பதில்கள் வரும். இதைப் படித்த பிறகு எந்தச் செய்தியாளரும் பழைய ஏழு அடையாளங்களோடு வர மாட்டார். அப்படியும் வந்தால், அடுத்த வருடம் யாரை அழைக்க வேண்டாம் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

பட்டியலில் ஒரு பெண் பெயரையும் நீங்கள் சொல்லவில்லை. ஓய்வுநாள் பள்ளி அக்காமார் இத்தனை பேர் வருகிறார்கள், அவர்களிடம் பேச ஒரு அக்காவைக்கூட அழைக்கவில்லையென்றால் அது சரியில்லை. மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். இன்னொருவர் உங்கள் பகுதியிலேயே இருபது வருடம் ஒரே கிராமத்தில் நிலைத்து நின்ற போதகராக இருக்கட்டும்.

பெரிய பெயர் இல்லாவிட்டால் கூட்டம் வராது என்கிறவர்களுக்கு: 1875-ல் இங்கிலாந்தின் கெசிக்கில் ஹார்ஃபோர்ட்-பேட்டர்ஸ்பி என்ற குருவானவர் தன் குருமனை வளாகத்தில் கூடாரம் போட்டு முதல் கெசிக் ஆவிக்குரிய கூட்டத்தை ஏற்பாடு செய்தார். தலைமை தாங்கிப் பேச வேண்டிய ராபர்ட் பியர்சால் ஸ்மித் கூட்டத்துக்குச் சில நாள் முன்னால் வர முடியாதென்று ஆகிவிட்டது. குருவானவர் கூட்டத்தை நிறுத்தவில்லை, தானே நடத்தினார். 150 வருடம் தாண்டியும் கெசிக் கூட்டங்கள் நடக்கின்றன. அந்தக் கெசிக்கின் ஆதரவில் மிஷனரியாக அனுப்பப்பட்டவர்தான் டோனாவூரில் வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், அந்த ஊர் உங்கள் பக்கத்து மாவட்டம்தான். கேரளத்தில் பம்பை ஆற்று மணலில் நடக்கும் மாராமன் கன்வென்ஷன் 1895-ல் தொடங்கியபோது அங்கே பேசியவர்களில் ஒருவர் 'தமிழ் தாவீது' என்று அழைக்கப்பட்ட நம் சுவிசேஷகர். இந்தக் கூட்டங்கள் போஸ்டரில் இருந்த முகத்தால் நின்றவை இல்லை என்பதை மூத்தவர்களிடம் பணிவாகச் சொல்லிப் பாருங்கள்.

காணிக்கை விஷயம். செய்தியாளருக்குக் கொடுக்கத்தான் வேண்டும். வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரவான். பயணச் செலவை டிக்கெட் பார்த்து முழுசாகக் கொடுங்கள், திரும்பிப் போகிற செலவையும் சேர்த்து. ஆனால் போனில் தொகை சொல்லும் உதவியாளரிடம், "எங்கள் கமிட்டி எல்லாருக்கும் ஒரே தொகைதான் வைத்திருக்கிறது, இதுதான் அது" என்று எழுத்தில் அனுப்புங்கள். ஒத்துக்கொண்டால் சந்தோஷம், இல்லையென்றால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள். அந்தத் தொகை கணக்கில் ஏறி, பொருளாளர் கையெழுத்தோடு போகட்டும். கடைசி நாள் பை சுற்றி வருவதை அப்படியே கையில் கொடுக்கிற பழக்கம் வேண்டாம். அமெரிக்காவின் பிரபல சுவிசேஷகர் பில்லி கிரஹாமுக்கே அதனால் தலைகுனிவு வந்தது. 1950-ல் அட்லாண்டா கூட்டங்கள் முடிந்ததும் அங்கிருந்த நாளிதழ், காணிக்கை மூட்டைகளோடு நிற்கிற ஆட்களின் படத்தையும், சிரித்தபடி விடைபெறும் அவர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டது. அதற்கப்புறம்தான் அவர் தன் அமைப்பிலிருந்து நிலையான சம்பளம் வாங்கும் முறைக்கு மாறினார்.

அழைப்பு அனுப்பும் முன்னால் ஒவ்வொருவரைப் பற்றியும் மூன்று போன் செய்யுங்கள். அவருடைய சொந்த சபை மூப்பர் ஒருவருக்கு, போன வருடம் அவரை அழைத்த கமிட்டிக்கு, அவரோடு வேலை பார்த்து விலகிப்போன ஒருவருக்கு. மூன்றாவது போன்தான் முக்கியம். சென்னையில் பிறந்து உலகமெங்கும் மேடையேறிய ரவி சகரியாஸ் 2020 மே மாதம் மறைந்தார். அவருடைய அமைப்பே ஏற்பாடு செய்த விசாரணையின் அறிக்கை 2021 பிப்ரவரியில் வெளிவந்து, பெண்களிடம் அவர் நடந்துகொண்ட முறைகேடுகளை உறுதி செய்தது. எத்தனை கமிட்டிகள் நம்பி அழைத்திருக்கும், எத்தனை பேர் அவரைக் கேட்டு ஊழியத்துக்கு வந்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. புகழ் பெரியது என்பதற்காக யாரும் விசாரிக்காமல் விடக் கூடாது.

ஆங்கிலத்தில் பேசுகிறவர் யாராவது வந்தால் மொழிபெயர்ப்பாளரை மறக்காதீர்கள். முந்தின நாள் ராத்திரியே இரண்டு பேரையும் உட்காரவைத்து, வசனங்களையும் உதாரணங்களையும் ஒருமுறை பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். பனிச்சறுக்கும் பேஸ்பாலும் நம் ஜனங்களுக்கு எட்டாது என்று மொழிபெயர்ப்பாளர்தான் அங்கே சொல்ல முடியும். மேடையில் இரண்டு பேருக்கும் தண்ணீர், இரண்டு பேருக்கும் நாற்காலி, காணிக்கைக் கவரும் இரண்டு.

அழைப்புக் கடிதத்தில் கடைசி வரியாக இதை எழுதிவிடுங்கள்: "மூன்று நாளும் மதியச் சாப்பாடு எல்லாரோடும் ஒரே பந்தியில்தான். தங்களுக்கு இருபக்கமும் கிராம ஊழியர்கள் உட்காருவார்கள், தினமும் வேறு இருவர்." யார் யார் எந்த நாளில் என்று பெயர்களை இப்போதே குறித்து வையுங்கள். தூரத்து ஊர்க்காரர்களை முதல் நாளில் போடுங்கள், கடைசி நாள் அவர்கள் பஸ் பிடிக்க மத்தியானமே கிளம்பிவிடுவார்கள்.