தடுப்பூசியும் மத விலக்கும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இந்தியாவிலிருந்து அண்மையில் நியூ ஜெர்சிக்குக் குடிபெயர்ந்தோம். மகளைக் கிண்டர்கார்டனில் சேர்க்கப் போனால், ஊரில் போட்ட முதல் தட்டம்மை ஊசி கணக்கில் சேராது, இன்னொன்று போட வேண்டும் என்கிறார்கள். எனக்கு அச்சமாக இருக்கிறது. 'மதக் காரணம் என்று கடிதம் எழுதிக் கொடுங்கள், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்' என்கிறார் தோழி. கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். தடுப்பூசி குழந்தையின் மத உரிமைக்கு இடையூறாக இருக்கிறது என்று பெற்றோர் கையெழுத்திட்டுத் தந்தால், நியூ ஜெர்சிப் பள்ளிகள் எந்தக் கோட்பாடு என்று துருவாமல் ஏற்றுக்கொள்வது உண்மைதான். ஆனால் பொதுவான தத்துவ, ஒழுக்கக் காரணங்கள் போதாது என்றும் அதே விதி கூறுகிறது. உங்கள் கேள்வியில் மதம் எங்குமே வரவில்லை, அச்சம்தான் இருக்கிறது. கேட்க ஆளில்லை என்பதற்காக இல்லாத நம்பிக்கையை எழுதிக் கையெழுத்திடுவது, மெய்யான நம்பிக்கையோடு விலக்குக் கோருபவருக்கும் செய்யும் அநீதியாகும்.

உங்கள் சிக்கல் எளிதில் தீரக்கூடியது. இந்தியாவில் முதல் தட்டம்மை ஊசியை ஒன்பது மாதம் நிறைந்ததும் போடுகிறோம். அமெரிக்காவிலோ முதல் பிறந்தநாளுக்குப் பின் போட்டதுதான் கணக்கு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் குழந்தையின் உடலில் எஞ்சியிருக்கும் காலத்தில் போட்ட ஊசி முழுப் பலன் தராமல் போகலாம் என்பதே காரணம். மேலும், ஊரில் போட்டது எம்.ஆர். ஊசி (தட்டம்மை, ரூபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மை ஆகிய இரண்டுக்குமானது) என்றால் அதில் புட்டாளம்மைக்கான (பொன்னுக்கு வீங்கி) மருந்து இல்லை. எதிர்ப்பாற்றல் ஏற்கெனவே இருந்தாலும் கூடுதல் தவணையால் கேடில்லை. இரத்தப் பரிசோதனைச் சான்று கொடுக்கவும் வழியுண்டு. தடுப்பூசி அட்டையைக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். தேதிகளைச் சரிபார்த்து இங்குள்ள படிவத்தில் அவரே எழுதித் தருவார். இன்னொன்றையும் கவனியுங்கள்: தட்டம்மை பரவினால், விலக்குப் பெற்ற பிள்ளைகள் 21 நாள் வரை பள்ளிக்கு வெளியே நிறுத்தப்படலாம்.

கேள்வி: நாமறிந்த சமயங்கள் எதுவும் தடுப்பூசியைத் தடுக்கின்றனவா?

பதில்: பெருஞ்சமயங்கள் எதுவும் ஒட்டுமொத்தமாகத் தடுக்கவில்லை. அம்மை கண்டால் மாரியம்மனை வேண்டிக்கொள்ளும் குடும்பங்களும் பிள்ளைகளுக்கு ஊசி போட்டே வந்திருக்கின்றன. கிறித்துவர் சிலரின் தயக்கத்துக்குக் காரணம், 1960களில் கருக்கலைப்பு செய்யப்பட்ட கருவிலிருந்து எடுத்து வளர்த்த உயிரணுக்களில் ரூபெல்லா மருந்து தயாராவது. மாற்று மருந்து இல்லாதபோது குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் காக்க அதைப் போட்டுக்கொள்ளலாம் என்று வத்திக்கான் 2005இல் தெளிவுபடுத்தியது. சில ஊசிகளில் சேரும் பன்றி ஜெலட்டின் (பன்றியிலிருந்து எடுக்கும் பசைப்பொருள்) பற்றிய தயக்கத்துக்கும் இஸ்லாமிய அறிஞர்கள் பலர் இசைவான விடையே தந்துள்ளனர். இவற்றுக்குப் பிறகும் மனம் ஒப்பாதவர்கள் உண்டு. அவர்களை நான் ஏளனமாகப் பார்ப்பதில்லை.

கேள்வி: அரசியலமைப்பே மதச் சுதந்திரத்தை உறுதி செய்கிறதே, சில மாநிலங்கள் இந்த விலக்கை எப்படி நீக்கின?

பதில்: பெரியம்மை ஊசியைக் கட்டாயமாக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டென்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1905இலும், பள்ளிச் சேர்க்கைக்கு அதை நிபந்தனையாக்கலாம் என்று 1922இலும் தீர்ப்பளித்தது. குழந்தையையோ சமூகத்தையோ தொற்றுநோய்க்கு உள்ளாக்கும் உரிமை மதச் சுதந்திரத்தில் அடங்காது என்று 1944ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று குறிப்பிட்டது. இவற்றின் துணையோடுதான் கலிஃபோர்னியா 2015இலும், நியூ யார்க் 2019இலும், கனெடிகட் 2021இலும் மத விலக்கை நீக்கிச் சட்டம் இயற்றின. மருத்துவக் காரணத்துக்கான விலக்கு எங்கும் உண்டு.

நியூ யார்க்கின் முடிவுக்குப் பின்னால் ஒரு பெரும் பரவல் இருந்தது. தட்டம்மைக் கிருமி, நோயாளி வெளியேறிய பிறகும் இரண்டு மணி நேரம் வரை அறையின் காற்றில் தங்கும் என்பதால், அதைத் தடுக்க நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது ஊசி போட்டிருக்க வேண்டும். மாநிலச் சராசரி நன்றாக இருப்பதால் பயனில்லை. விலக்குகள் ஒரே தெருவிலும் ஒரே பள்ளியிலும் குவிகின்றன, நோய் அங்கேதான் நுழைகிறது. 2018-19இல் நியூ யார்க்கின் புரூக்ளினிலும் ராக்லாந்து மாவட்டத்திலும் அப்படித்தான் நடந்தது. 2025இல் டெக்சாசின் மேற்குப் பகுதியில் தொடங்கிய பரவலில் 762 பேர் பாதிக்கப்பட்டு, ஊசி போடாத இரண்டு பள்ளிப் பிள்ளைகள் இறந்துபோனார்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பதால் ஊசி போட முடியாத பிள்ளைக்குச் சுற்றியிருப்போரின் எதிர்ப்பாற்றலே காவல் என்பதால், விலக்கை நீக்கியது நியாயமென்றே கருதுகிறேன்.

வழக்குகள் ஓய்ந்துவிடவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மத விலக்கு இல்லாதிருந்த மிசிசிப்பி மாநிலத்தில், 2023இல் கூட்டாட்சி நீதிமன்ற ஆணையின்படி அது மீண்டும் வந்திருக்கிறது.