ஸ்டூலில் ஏறுவதற்கு முன்: பண்டிகைக்கால வீட்டு வேலைகள், சில கேள்விகள்

பண்டிகை நெருங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி கறையைப் பற்றியவை, மீதி மனிதர்களைப் பற்றியவை. கறைக்குப் பதில் சொல்வது சுலபம். இந்த முறை இரண்டையும் கலந்தே எடுத்துக்கொண்டேன். வீட்டில் இரண்டும் கலந்துதானே கிடக்கின்றன.

கேள்வி: ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரு வாரம் முன்பே சுத்தம் செய்ய ஆரம்பிக்கிறேன். அப்படியும் முந்தின நாள் ராத்திரி ஒரு மணி வரை வேலை ஓடுகிறது. பண்டிகை அன்று உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன். எங்கே தப்பு?

நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். முதல் நாள் பரண், இரண்டாம் நாள் புத்தக அலமாரி, மூன்றாம் நாள் துணி பீரோ. வரும் விருந்தாளி யாரும் பரணில் ஏறிப் பார்க்கப் போவதில்லை. இந்த மூன்றையும் பண்டிகை முடிந்து வரும் ஏதாவது ஒரு சோம்பலான ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுங்கள். இப்போதைக்கு வாசல், கூடம், சமையலறை, கழிப்பறை. போதும்.

அப்புறம் வரிசை. மேலிருந்து கீழே வர வேண்டும். காய்ந்த வேலை முடிந்த பிறகுதான் ஈர வேலை. ஒட்டடை அடித்து, மின்விசிறி துடைத்து, அலமாரி தட்டி, கடைசியில்தான் தரை. ஈரத்துணி முதலில் போனால் தூசி சேறாகி மூலையில் அப்பிக்கொள்ளும், அதைச் சுரண்டவே தனியாக ஒரு நாள் வேண்டும். மின்விசிறிக்குப் பழைய தலையணை உறை ஒன்றை எடுத்து, ஒவ்வொரு இறக்கைக்கும் உறை போடுவது போல மாட்டி, மேலும் கீழும் அழுத்திப் பிடித்தபடி மெதுவாக இழுங்கள். தூசி உறைக்குள் போய்விடும், கட்டில் மேல் கொட்டாது. மாடிக்குக் கொண்டுபோய் உதறி, துவைக்கப் போட்டுவிடலாம்.

நேரக் கணக்கில் ஏமாறுவது நீங்கள் மட்டும் இல்லை. டேனியல் கானெமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-லேயே இதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். தமிழில் திட்டமிடல் பிழை என்று சொல்லலாம். போன தடவை எவ்வளவு நேரம் ஆனது என்று நன்றாகத் தெரிந்தும், இந்தத் தடவை சீக்கிரம் முடிந்துவிடும் என்று நம்புவது. சமையலறைக்குப் போன வருடம் ஐந்து மணி நேரம் ஆனதென்றால் இந்த வருடமும் ஐந்துதான். காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். எனக்கு அந்தக் கிறுக்கல்தான் பெரிய உதவி.

கேள்வி: சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனில் எண்ணெய்ப் பிசுக்கு பிசின் மாதிரி ஒட்டியிருக்கிறது. பிரஷ் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

பிசின் மாதிரி என்றீர்களே, உண்மையில் கிட்டத்தட்ட அதுதான். சூட்டிலும் காற்றிலும் நாள்படக் கிடக்கும் எண்ணெய் தன்னோடு தானே பிணைந்து வார்னிஷ் போல இறுகிவிடும். அதைத் தேய்த்து எடுக்க முயன்றால் கைதான் வலிக்கும், ஊறவைக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கழற்ற முடிகிற பாகங்களை மட்டும் எடுத்து, கை பொறுக்கும் சூட்டில் உள்ள தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் தாராளமாக விட்டு அரை மணி நேரம் போட்டு வையுங்கள். மோட்டார் பக்கம் தண்ணீர் போகக் கூடாது, அங்கே பிழிந்த துணி மட்டும்.

இரும்பு, ஸ்டீல் பாகமாக இருந்தால் வாஷிங் சோடா சேர்க்கலாம், வேலை சீக்கிரம் ஆகும். அலுமினியத்துக்கு வேண்டவே வேண்டாம். காரம் அலுமினியத்தை அரித்துக் கறுக்க வைத்துவிடும். சிம்னி வடிகட்டிகள் பலவும் அலுமினியம்தான். ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்போ ஸ்டீலோ, சோடா போடலாம். ஒட்டாவிட்டால் அலுமினியமாகவும் இருக்கலாம், ஒரு வகை ஸ்டீலாகவும் இருக்கலாம். பாத்திரம் கழுவும் திரவத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: குளியலறை பளிச்சென்று ஆகட்டுமென்று பிளீச்சையும் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றினேன். தொண்டை எரிந்து இருமல் நிற்கவில்லை. அளவு கூடிவிட்டதா?

அளவு இல்லை, சேர்த்ததுதான் தப்பு. இனி ஒரு சொட்டுகூட வேண்டாம். பிளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். அதில் அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில், 1915-ல், பெல்ஜியத்தின் ஈப்ர் (Ypres) போர்க்களத்தில் வீரர்கள் மேல் திறந்துவிட்ட அதே வாயு. அமிலம் என்றால் கழிப்பறை ஆசிட் மட்டும் இல்லை, வினிகரும் எலுமிச்சைச் சாறும் அந்தக் கணக்கில்தான் வரும். அம்மோனியா உள்ள கண்ணாடி கிளீனரோடு பிளீச் சேர்ந்தால் குளோரமின் என்ற இன்னொரு நச்சு வாயு வரும்.

இப்படி நடந்துவிட்டால் அங்கேயே நின்று கழுவிவிடப் பார்க்காதீர்கள். உடனே வெளியே வந்து நல்ல காற்று வாங்குங்கள். வீட்டில் எல்லாரையும் வெளியே கூப்பிடுங்கள். கதவு, ஜன்னல் திறப்பது போகிற வழியில் முடிந்தால் மட்டும். இருமலோ மூச்சுத் திணறலோ தொடர்ந்தால் டாக்டரிடம் போய், எதையெதைக் கலந்தீர்கள் என்று சொல்லுங்கள்.

இதே வரிசையில் ஆபத்தில்லாத ஒரு வீண் வேலையும் உண்டு. சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டி, நுரை பொங்குவதைப் பார்த்துச் சந்தோஷப்படுவது. ஒன்று காரம், ஒன்று அமிலம். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிய பிறகு மிஞ்சுவது கொஞ்சம் உப்புத் தண்ணீர்தான். பிசுக்குக்குச் சோடா தனியாக, குழாயில் படியும் வெள்ளை உப்புக் கறைக்கு வினிகர் தனியாக, வேறு வேறு நாளில்.

கேள்வி: அக்கா, சனிக்கிழமை காலை வெளியே போனால் வீடு திரும்ப மூன்று மணி ஆகிறது. வந்து பார்த்தால் முக்கியமான ஒன்றை மறந்திருக்கிறேன். வாரக் கடைசி இப்படியே போய்விடுகிறது.

எனக்கும் இப்படித்தான் இருந்தது. அறுந்த வார் ஒன்றைத் தைக்கக் கொடுக்க வேண்டிய செருப்பு நாலு மாதம் வீட்டுக்குள்ளேயே கிடந்தது. கடை பக்கம் நான் போகாமல் இல்லை, ஒவ்வொரு தடவையும் செருப்பில்லாமல் போனேன். கடைசியில் கதவுக்குப் பின்னால் ஒரு பையை மாட்டினேன். வீட்டை விட்டு வெளியே போக வேண்டிய எல்லாம் நினைவு வந்த அந்த நிமிடமே அதற்குள் போகும்: தைக்க வேண்டிய செருப்பு, மாற்ற வேண்டிய சட்டை, திருப்பிக் கொடுக்க வேண்டிய புத்தகம், நகல் எடுக்க வேண்டிய காகிதம். சனிக்கிழமை காலை நினைவுபடுத்திக்கொள்ள ஒன்றும் இல்லை. பையை எடுத்தால் போதும்.

பட்டியலைப் பொருள் வாரியாக எழுதாமல் போகிற வழியின் வரிசையில் எழுதுங்கள். முதலில் காத்திருக்க வைக்கிற இடம்: தையல், ரிப்பேர், நகல். கொடுத்துவிட்டு மற்றதைப் பார்த்து வரும்போது அதுவும் முடிந்திருக்கும். கனமானதும் கெடுகிற பொருளும் கடைசியில். குளிரில் வைக்க வேண்டியதை வாங்கிவிட்டு மேலும் மூன்று இடம் ஏறி இறங்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போயாக வேண்டும், வெயில் கொளுத்தினால் ஒரு மணி நேரத்துக்குள்.

ஒன்று கேட்கிறேன், இதையெல்லாம் சனிக்கிழமைதான் செய்ய வேண்டுமா? ஊரே கிளம்புகிற நாளில் நாமும் கிளம்பிவிட்டு வரிசை நீளம் என்கிறோம். புதன்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் இரண்டை முடித்துப் பாருங்கள்.

கேள்வி: "சொன்னா செய்யறேனே" என்கிறார் கணவர். சொன்னால் செய்கிறார்தான். ஆனால் எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் வருகிறது?

ஏனென்றால் சொல்வதே ஒரு வேலை. இதைச் சமூகவியலில் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். அலிசன் டேமிங்கர் என்பவர் 35 தம்பதிகளிடம் பேசி 2019-ல் எழுதிய கட்டுரையில், கண்ணுக்குத் தெரியாத இந்த வேலையை நான்காகப் பிரிக்கிறார்: தேவை வரப்போவதை முன்கூட்டியே உணர்வது, என்ன வழிகள் உண்டு என்று தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுக்கும்போது இருவரும் கூடிப் பேசினாலும், உணர்வதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுந்திருந்தது. உங்கள் வீட்டில் விருந்துக்கு நாற்காலி போதாது என்று பத்து நாள் முன்பே யாருக்குத் தோன்றுகிறது? நாற்காலியைத் தூக்கி வருகிறவர் செய்வது பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நாளும் அதை மண்டைக்குள் தூக்கிக்கொண்டு திரிந்தது நீங்கள்.

அதனால் கைவேலையைப் பிரிக்காதீர்கள், ஒரு துறையை முழுசாகக் கொடுங்கள். "துணி அனைத்தும் உங்களுடையது" என்றால் யாருக்கு எது சின்னதாகிவிட்டது என்று பார்ப்பதிலிருந்து, வாங்கி, தைக்கக் கொடுத்து, அன்று காலை இஸ்திரி போட்டு வைப்பது வரை அவர். நடுவில் நீங்கள் நினைவுபடுத்தக் கூடாது. இஸ்திரியில் ஒரு மடிப்பு கோணலாக இருந்தால் எடுத்துத் திரும்பப் போடவும் கூடாது. இரண்டாவதுதான் ரொம்பக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

அவர் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். மைக்கேல் ராஸ், ஃபியோரி சிகோலி என்ற இருவர் 1979-ல், வீட்டு வேலையில் உங்கள் பங்கு எவ்வளவு என்று தம்பதிகளைத் தனித்தனியாகக் கேட்டுக் கூட்டிப் பார்த்தார்கள். பெரும்பாலான ஜோடிகளில் கூட்டுத்தொகை நூறைத் தாண்டியது. நாம் செய்தது நமக்கு நன்றாக நினைவிருக்கும், அடுத்தவர் செய்தது கண்ணில் படுவதில்லை. ஆகவே சண்டையைச் சதவீதத்தில் ஆரம்பிக்காதீர்கள்.

கேள்வி: ஆறு வயதுப் பையனுக்கு என்ன வேலை கொடுக்கலாம்?

முடிந்தது என்று அவனுக்கே தெரிகிற வேலை. "ரூமைச் சுத்தம் பண்ணு" என்றால் அவனுக்குப் புரியாது. "இந்தக் கூடையில் உள்ள சாக்ஸுக்கெல்லாம் ஜோடி தேடு" என்றால் புரியும். ஒற்றைச் சாக்ஸ் மிஞ்சும், அது யாருடைய குற்றமும் இல்லை.

கேள்வி: வெள்ளிச் சாமான்கள் கறுத்துவிட்டன. டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டாம். பேஸ்டில் பல் தேய்க்கவென்று போட்ட பொடி இருக்கிறது, வெள்ளியில் நுண்ணிய கீறல் விழும். கறுப்பு என்பது காற்றில் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து உண்டான வெள்ளி சல்ஃபைடு. ஒரு தட்டில் அலுமினியத் தாளை விரித்து, சாமான் அந்தத் தாளைத் தொடும்படி வைத்து, மேலே ஒரு பெரிய கரண்டி சமையல் சோடாவைத் தூவி, கொதிநீரை மெதுவாக ஊற்றுங்கள். லேசாக அழுகிய முட்டை வாடை வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்தோடு போய்ச் சேர்கிறது. கல் பதித்தது, ஒட்டு வேலை உள்ளது, வேண்டுமென்றே கறுப்பாக்கிய வேலைப்பாடு உள்ளது எதையும் இப்படிப் போடாதீர்கள்.

பித்தளைக்கு எலுமிச்சை சரி, ஆனால் ராத்திரி முழுக்க ஊறப்போடக் கூடாது. பித்தளையில் செம்பும் துத்தநாகமும் உண்டு. அமிலம் துத்தநாகத்தைத் தின்றுவிட்டால் மேலே செம்பு நிறம் திட்டுத் திட்டாகத் தெரியும்.

கேள்வி: திரைச்சீலையில் மெழுகு கொட்டிவிட்டது.

ஐஸ் வைத்து இறுகச் செய்து, மழுங்கிய கத்தியால் பெயர்த்தெடுங்கள். மிச்சத்துக்கு மேலும் கீழும் அச்சில்லாத காகிதம் வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஒற்றி ஒற்றி எடுங்கள். காகிதம் உறிஞ்சிக்கொள்ளும். செயற்கை இழை என்றால் சூடு மிகவும் குறைவாக.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து ஸ்டூல் போட்டு ஏறி ஒட்டடை அடிக்கிறார். சொன்னால், "நான் என்ன நோயாளியா?" என்கிறார்.

ஸ்டூலை ஒளித்து வைக்காதீர்கள், அவர் நாற்காலி மேல் ஏறுவார். முதல் வாரக் கடைசியிலேயே உயரத்து வேலை அத்தனையையும் நீங்கள் முடித்துவிடுங்கள். அடிப்பதற்கு ஒட்டடை இருந்தால்தானே ஏறுவார்?

தலையை அண்ணாந்து பார்க்கும்போது வயதானவர்களுக்குக் கிறுகிறுப்பு வரலாம். இரட்டை லென்ஸ் கண்ணாடி போட்டிருந்தால் கீழே பார்க்கும்போது படியின் விளிம்பு மங்கலாகத் தெரியும், கால் தப்பிவிடும். இதை நீங்கள் சொன்னால் கேட்க மாட்டார். அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது டாக்டரையே சொல்ல வையுங்கள்.

அதைவிட முக்கியம், உட்கார்ந்தே செய்கிற, ஆனால் பொறுப்புள்ள வேலையைக் கொடுப்பது. யாருக்கு என்ன கொடுக்க வேண்டும், யாரை அழைக்க மறந்தோம், போன வருடம் எது மிஞ்சியது என்ற நோட்டுப் புத்தகம் அவர் கையில் இருக்கட்டும். நீங்கள் போய்க் கேளுங்கள். உப்புச்சப்பில்லாத வேலையைக் கொடுத்து மூலையில் உட்கார வைத்தால் மறுபடி ஸ்டூல்தான்.

கேள்வி: அலங்கார விளக்குச் சரம் ஒவ்வொரு வருடமும் சிக்கலாகவே வெளியே வருகிறது.

உருட்டிப் பெட்டிக்குள் திணிப்பதால்தான். ஒரு அட்டையை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, இரண்டு ஓரத்திலும் சின்னதாக வெட்டுப் போட்டு, பிளக் இல்லாத முனையிலிருந்து சுற்ற ஆரம்பியுங்கள். பிளக் கடைசியில் வெளியே நிற்கும். அடுத்த வருடம் பிரிக்காமலேயே ஒரு நொடி செருகி, எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். பேட்டரியில் ஓடுவது என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு வையுங்கள். உள்ளேயே கசிந்து பச்சை பூத்துவிடும். வயர் உரிந்த சரத்தை டேப் சுற்றிக் காப்பாற்றப் பார்க்காமல் அன்றைக்கே தூக்கிப் போடுங்கள். எரியாத சரத்தையும் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று பரணுக்கு ஏற்றாதீர்கள். என் பரணில் அப்படி மூன்று இருக்கின்றன.