நீலகிரி முழுக்கப் பச்சையாகத்தானே இருக்கிறது, அங்கே என்ன சுற்றுச்சூழல் பிரச்சினை?

கேள்வி கேட்டவர் கோபிச்செட்டிபாளையத்துக்காரர். மகள் பத்தாம் வகுப்பு. புவியியல் செயல்திட்டத்துக்கு ஒரு மலைப் பகுதியை எடுத்துக்கொண்டு, அதன் சுற்றுச்சூழல் பிரச்சினைகளையும் பேண்தகு வளர்ச்சியையும் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஊட்டிக்கு வந்து திரும்பிய பிள்ளை, "அங்க எங்க பார்த்தாலும் மரம், எல்லாம் பச்சையா இருக்கு, நான் எதை எழுதுறது?" என்று கேட்டிருக்கிறாள்.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் புவியியல் எடுக்கிறேன். இங்கேயே பிறந்து வளர்ந்த என் மாணவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் உங்கள் மகளின் கேள்வி சின்னப்பிள்ளைத்தனமானது இல்லை. அவள் செயல்திட்டத்தை அந்த இடத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். பச்சையாக இருக்கிறது, சரி. பச்சையாக இருப்பது எது?

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் சூட்டிங் மட்டம் என்று ஓர் இடம். அலை அலையாகப் புல்மேடு. அங்கே நின்று சுற்றிப் பார்த்தால் மூன்று விதமான பச்சை தெரியும். வெளிர் பச்சையாகவோ, வெயில் காலமானால் வைக்கோல் நிறத்திலோ கிடப்பது புல்வெளி. இரண்டு மேடுகளுக்கு நடுவே, மடிப்பில், குடை குடையாக அடர்ந்து நிற்பது சோலை. இந்த இரண்டும் இந்த மலைக்கே உரியவை. மூன்றாவதாக, ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில், வரிசை பிடித்த மாதிரி நிற்பவை கற்பூர மரமும் சீகையும். யூகலிப்டஸைத்தான் நாங்கள் கற்பூர மரம் என்கிறோம். சீகை என்றால் தலைக்குத் தேய்க்கும் சீயக்காய் இல்லை, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரம். பஸ்ஸில் வருகிறவர்கள் காடு என்று கைகாட்டுவது பெரும்பாலும் இந்த மூன்றாவதைத்தான்.

இவை எப்படி வந்தன என்பதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லவேண்டும். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி வந்த பிறகு, வெள்ளைக்காரர்களின் குடியிருப்பு பெருகியது. குளிருக்கு விறகு வேண்டும், வீடு கட்ட மரம் வேண்டும். சோலைகளை வெட்டினார்கள். சோலை மரம் மெதுவாக வளரும். வெட்டிய வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. அப்போதுதான் சீக்கிரம் வளரும் ஆஸ்திரேலிய மரங்களைக் கொண்டுவந்து நட்டார்கள். 1840களிலேயே கற்பூர மரம் வந்துவிட்டது. நல்ல எண்ணத்தில் நட்டதுதான்: இதை வெட்டி எரித்தால் சோலை பிழைக்குமே என்று. சுதந்திரத்துக்குப் பிறகும் தோல் பதனிடும் பட்டைக்கும் மரக்கூழுக்கும் விறகுக்கும் என்று 1980கள் வரை நடவு தொடர்ந்தது. நட்ட இடம் பெரும்பாலும் புல்வெளி. மரம் இல்லாத நிலம் வெறும் நிலம் என்றுதான் அன்றைக்கு எல்லோரும் நினைத்தார்கள்.

புல்வெளி வெறும் நிலம் இல்லை. மரம் இல்லாமல் இருப்பதற்கு அதற்குச் சொந்தக் காரணம் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் மேட்டிலிருந்து குளிர்ந்த காற்று பள்ளத்துக்கு வழிந்து இறங்கும். விடியற்காலையில் புல் நுனியெல்லாம் உப்புத் தூவிய மாதிரி உறைபனி. அந்தப் பனியில், திறந்த வெளியில் நிற்கும் சோலை மரக் கன்றின் கொழுந்து கருகிவிடும். புல்லின் குருத்து தரையை ஒட்டி இருப்பதால் அது தப்பித்து மறுபடி துளிர்க்கும். நான் ஒருமுறை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஜனவரியில் காலை ஆறரைக்கு அங்கே கூட்டிப்போனேன். ஒரு பையன் புல்கட்டையை விரலால் விலக்கிப் பார்த்துவிட்டு, "டீச்சர், மேல வெள்ளையா இருக்கு, அடியில பச்சையா இருக்கு" என்றான். மொத்தப் பாடமும் அந்த ஒரு வரியில் இருந்தது. 

இனி தண்ணீருக்கு வருகிறேன், செயல்திட்டத்தின் நடு இதுதான். இங்கே மழை பெய்கிற மாதங்கள் கொஞ்சம். ஓடை ஓடவேண்டியது வருடம் முழுவதும். இடையில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வைப்பது யார்? புல்லின் வேர், சோலைத் தரையில் மக்கிய இலை, பள்ளத்தில் கிடக்கும் சதுப்பு. சதுப்பு மண் கன்னங்கரேல் என்று இருக்கும். ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி தண்ணீர் ஒழுகும். ஊட்டியில் 1954 முதல் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. அவர்கள் ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள கிளன்மார்கனில் அடுத்தடுத்த நீர்ப்பிடிப்புகளை எடுத்து, ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றொன்றில் கற்பூர மரம் நட்டு, வருடக்கணக்கில் ஓடைத் தண்ணீரை அளந்தார்கள். மரம் நட்ட பக்கத்தில் முதல் பத்து வருடச் சுற்றில் தண்ணீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி தழைத்த இரண்டாம் சுற்றில் சுமார் 25 சதவீதம் குறைந்தது. 'மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்' என்று சுவரில் எழுதிப் பழகிய பிள்ளைகளுக்கு இந்த இரண்டு எண்களைச் சொல்லும்போது வகுப்பே ஒரு நிமிடம் பேசாமல் இருக்கும்.

மரம் நடுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. எந்த மரம், எந்த இடத்தில் என்று கேட்காமல் நடுவதுதான் தப்பு.

இன்னொன்றும் சொல்கிறேன், இது எங்கள் ஊர்ப் பெருமை. கோத்தகிரியை ஒட்டி லாங்வுட் சோலை இருக்கிறது. வெறும் 116 ஹெக்டேர். சுற்றிலும் தேயிலையும் வீடும் நெருக்கிக்கொண்டு நிற்க, நடுவே ஒரு காடு தப்பிக் கிடக்கிறது. இதை 2024 ஜனவரியில் ராம்சார் தலங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். ராம்சார் என்பது ஈரநிலங்களைக் காக்க 1971இல் ஈரானில் போட்ட ஒப்பந்தம். ஒரு காட்டைக் கொண்டுபோய் ஈரநிலப் பட்டியலில் ஏன் சேர்த்தார்கள் என்று உங்கள் மகளை யோசிக்கச் சொல்லுங்கள். சோலைக்குள் கால் வைத்தால் பதில் கிடைத்துவிடும். செருப்பு நனையாமல் வெளியே வர முடியாது. கீழே பல ஊர்களுக்குக் குடிநீர் அங்கிருந்துதான் போகிறது.

எங்கள் வீட்டுக் கதையையும் எழுதிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு சதுப்பு இருந்தது. 1980களில் காய்கறிக்கு நல்ல விலை. அப்பா அதன் நடுவே வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டு, பாத்தி போட்டு கேரட், முட்டைக்கோஸ் நட்டார். கறுப்பு மண், உரமே வேண்டாம், முதல் சில வருடம் காய் அப்படி வந்தது. என் படிப்புச் செலவு அந்த மண்ணில்தான் விளைந்தது. பிறகு மண் வெளுத்தது, உரமூட்டை ஏறியது. சரிவின் போக்கிலேயே பாத்தி போட்டதால் ஒவ்வொரு மழைக்கும் மண் கரைந்து ஓடையில் போனது. எங்கள் அம்மா குடம் வைத்துப் பிடித்த ஊற்று மார்ச் மாதமே நின்றுபோக ஆரம்பித்தது. அப்பாவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்திருப்பார்? ஆனால் அந்த வருமானத்தின் கணக்கில் ஊற்றின் விலை எழுதப்படவே இல்லை. பேண்தகு வளர்ச்சிக்கு 1987இல் ஐ.நா.வின் பிரண்ட்லாண்ட் ஆணையம் சொன்ன விளக்கம், வருங்காலத் தலைமுறை தன் தேவையை நிறைவேற்றிக்கொள்ளும் திறனைக் கெடுக்காமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவது. இதை மனப்பாடம் செய்து எழுதினால் மார்க் வரும். எங்கள் ஊற்றை வைத்து யோசித்தால் அதன் சிக்கல் புரியும்: அந்த வருங்காலத் தலைமுறையும் நான்தான், அந்தத் தேவைக்காகப் படிக்கவைக்கப்பட்டவளும் நான்தான்.

வகுப்பில் நான் செய்யும் ஒரு சோதனை உண்டு. உங்கள் வீட்டிலேயே செய்யலாம். பழைய தகரத் தட்டு இரண்டு. ஒன்றில் வேரோடு பெயர்த்த புல்லுப்பத்தை, மற்றொன்றில் கொத்திய தோட்டத்து மண். இரண்டையும் ஒரே அளவு சாய்த்து வைத்து, ஒரு செம்புத் தண்ணீரைப் பூவாளியால் மெதுவாக ஊற்றி, கீழே கண்ணாடி டம்ளரில் பிடிக்கவேண்டும். மண் தட்டிலிருந்து சுக்குக் காபி நிறத்தில் தண்ணீர் உடனே கொட்டும். புல் தட்டு கொஞ்ச நேரம் ஒன்றுமே தராது, பிறகு தெளிவாகச் சொட்டத் தொடங்கும். போன முறை நாங்கள் வைத்தது மறுநாள் காலை பிரேயர் முடிந்து வந்தபோதும் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு டம்ளரையும் படம் எடுத்துச் செயல்திட்டத்தில் ஒட்டினால் போதும், ஒரு பக்கம் எழுதவேண்டியதில்லை.

அந்தக் காபி நிறத் தண்ணீர் மண் அரிப்பு; பெருமழையில் சரிவே மொத்தமாகப் பெயர்ந்தால் அது மண்சரிவு. 2009 நவம்பரில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மலை சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மழையை நாம் நிறுத்த முடியாது. சரிவை வெட்டி வீடும் விடுதியும் கட்டுவதையும், ஓடை வழியை அடைப்பதையும் நிறுத்த முடியும்.

பிளாஸ்டிக், வண்டி நெரிசல் எல்லாம் பிள்ளைகள் தாங்களே எழுதிவிடுவார்கள், அதனால் நீட்டவில்லை. மலைக்கு வரும் வண்டிகளுக்கான இ-பாஸ் 2024 மே மாதத்தில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வந்தது. 2025 ஏப்ரலில் ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பு வைத்தார்கள். அவள் எழுத அவ்வளவு போதும்.

தீர்வு என்ற தலைப்பில் 'அந்நிய மரங்களை உடனே வெட்டவேண்டும்' என்று ஒரே வரியில் எழுதிவிட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். அகற்ற வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை; உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது, தமிழக அரசு 2022இல் இதற்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்திருக்கிறது. ஆனால் சீகையின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனால் அடுத்த மழைக்கு முளைத்து முன்னைவிட அடர்த்தியாக நிற்கும். சில இடங்களில் சீகை நிழலிலேயே சோலைக் கன்றுகள் எழும்பி வருகின்றன; பழனி மலையிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். அங்கே மொத்தமாக வெட்டினால் கன்றும் போய்விடும். சீகை விறகில் அடுப்பெரிக்கும் வீடுகளும், கற்பூர இலை பொறுக்கித் தைலம் காய்ச்சிப் பிழைக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. யாரோடு பேசி, எந்தச் சரிவில், எத்தனை வருடத்தில் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் தீர்வு.

கடைசியாக, கோபிக்காரப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை. கோத்தகிரியில் பெய்யும் மழை எந்தப் பக்கம் வழிந்தாலும், மாயாற்றிலோ பவானியிலோ விழுந்து பவானிசாகருக்குத்தான் வரும். அங்கிருந்து கொடிவேரி, கொடிவேரியிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள், உங்கள் ஊர் நெல் வயல். அவள் வரைபடத்தை வயலில் ஆரம்பித்து மேலே ஏறி வரட்டும். சூட்டிங் மட்டம் புல்வெளியும் எங்கள் வீட்டுச் சதுப்பும் அதே கோட்டில் வந்து நிற்கும்.

அந்தச் சதுப்பில் மேல்பாதியை அப்பா நான்கு வருடமாகப் பாத்தி போடாமல் விட்டிருக்கிறார், வாய்க்காலையும் கல் வைத்து அடைத்துவிட்டார். கீழ்ப்பாதியில் கேரட் இன்னும் இருக்கிறது. மேலே கோரை வந்திருக்கிறது, ஜூனில் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கிறது. ஊற்று இந்த வருடம் ஏப்ரல் இரண்டாம் வாரம் வரை ஓடியது. படம் வேண்டுமானால் மகளைக் கேட்கச் சொல்லுங்கள், அனுப்புகிறேன்.